பொட்டு வைத்த டிஸ்க்

2046 ஏப்ரல் 30ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு, பெங்களூரில் பேச்சுப்பெட்டி தயாரித்து வந்த நிறுவனம் தன் சேவைக் கணினிகளை நிறுத்தியது. அன்று தமிழ்நாட்டில் அந்தப் பெட்டியை இடுப்பில் கட்டியிருந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்.

அவர்களில் ஒருவர் கோகிலவாணி. கோபிசெட்டிபாளையத்தில் ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில் செவிலியர். ஏழு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து விழுந்தார். வலது கை மெல்லத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. எழுத்தும் படிப்பும் அதோடு போயின. நினைப்பு மட்டும் தெளிவாக இருந்தது. என்ன சொல்ல நினைத்தாலும் வாயில் ஒரே சொல்தான் வந்தது: கண்ணு. வலியில் கத்தும் பெண்களை இருபது ஆண்டுகளாக அவர் அப்படித்தான் அழைத்திருந்தார். மற்றதெல்லாம் போன பிறகு அந்த ஒன்று மட்டும் தங்கிவிட்டது.

பேச்சுப்பெட்டி அதை மாற்றியது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு தகடு, இடுப்பில் கறுப்புப் பெட்டி, கழுத்தில் சின்ன ஸ்பீக்கர். அவர் நினைப்பதைப் பெட்டி பேசும். ஆனால் பெட்டி கற்றுக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டில் தண்ணீர் கேட்டால் தலையணை என்றது. கணவர் நாச்சிமுத்து தலையணையோடு வந்து நிற்பார். மூன்றாவது ஆண்டில் வாணி வார்டுக்குத் திரும்பினார். நிறுவனம் தந்த குரல் மென்மையானது. அதில் கொங்குப் பேச்சும் வசவும் கலந்து வந்தபோது புதிதாகச் சேர்ந்த டாக்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்படிக் கற்றதெல்லாம் பெட்டிக்குள் இருந்த ஒரு டிஸ்கில் எழுதப்பட்டிருந்தது. அதில் சுழல்வது எதுவும் கிடையாது, ஆனாலும் எல்லோரும் அதை ஹார்ட் டிஸ்க் என்றே சொன்னார்கள். முன்பு நிறுவனம் தினமும் அதற்கு ஒரு பேக்கப் எடுத்து வைத்தது. மூடும்போது அனுப்பிய செய்தியில், உங்கள் பெட்டி தொடர்ந்து இயங்கும் என்று இருந்தது. அது உண்மைதான். பேக்கப் பற்றி அதில் எதுவும் இல்லை.

ஆகஸ்டில் சொற்கள் நின்று நின்று வந்தன. ஒரு நாள் வார்டில் சத்தியமங்கலத்துப் பெண் ஒருத்தி பிரசவ மேசையில் இருந்தாள்.

"மூச்சை நல்லா உள்ள இழுத்து..." என்றது பெட்டி. பிறகு பேச்சில்லை.

"இழுத்து? இழுத்து என்ன பண்றது சிஸ்டர்?" என்று அந்தப் பெண் கத்தினாள்.

வாணி தன் வயிற்றைப் பிடித்து, பல்லைக் கடித்து, செய்து காட்டினார். குழந்தை பிறந்தது. மறுநாள் அந்தப் பெண் சொன்னாள்: "நீங்க பாதியில விட்டுட்டீங்க சிஸ்டர். மீதிய நானே போட்டுக்கிட்டேன்." வார்டு சிரித்தது. வாணியும் சிரித்தார். வீட்டுக்கு வந்து பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

டிஸ்க் செத்தால் ஆரம்பத்திலிருந்து திரும்பக் கற்பிக்க வழியில்லை. அதற்கான இயந்திரங்கள் பெங்களூரில் இருந்தன, இப்போது இல்லை. மீதி வாழ்நாள் முழுவதும் ஒரே சொல்லோடு இருக்க வேண்டியதுதான்.

மருத்துவமனையில் ஒருவர் ஈரோட்டுக் கட்டற்ற மென்பொருள் குழுவைப் பற்றிச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறவர்கள், இதுபோன்ற பெட்டிகளைக் காப்பாற்றிக் கொடுக்கிறார்கள் என்றார். நாச்சிமுத்து போன் செய்தார். அடுத்த வாரமே பாலிடெக்னிக் ஆசிரியர் பர்வீன் ஸ்கூட்டரில் கோபிக்கு வந்து, பெட்டியில் தன் லேப்டாப்பை இணைத்துப் பார்த்தார்.

"அக்கா, இது சாகப் போற டிஸ்க். இன்னும் சாகல. அதனால சீக்கிரம் குளோன் பண்ணிரணும்."

"குளோன்னா?" என்றார் நாச்சிமுத்து. வீட்டை ஒட்டி லேத் பட்டறை வைத்திருப்பவர். எதையும் கையில் எடுத்துப் பார்த்தால்தான் நம்புவார்.

"அச்சு அசலா இன்னொண்ணு. உள்ள என்ன எழுதியிருக்குன்னு நமக்குத் தெரியாதுண்ணா, கம்பெனி பூட்டி வச்சிருக்கு. பூட்டைத் தொடாம, மொத்தத்தையும் அப்படியே இன்னொரு டிஸ்குக்கு மாத்தணும்."

"பூட்டுன பீரோவைத் தொறக்காம, அதே மாதிரி இன்னொரு பீரோ. உள்ளுக்குள்ள அதே துணிமணி."

"அதேதான்."

"அப்ப சாவி?"

"அதே சாவி ரெண்டுக்கும் சேரும்."

நாச்சிமுத்துவுக்கு அது பிடித்திருந்தது. "எந்த மிஷின்ல பண்றீங்க?"

"மிஷின் இல்லண்ணா. படியெடுன்னு ஒரு மென்பொருள். யார் வேணா எடுத்துக்கலாம், காசு இல்ல. கெட்டுப்போன டிஸ்குன்னா அது முதல்ல நல்லா இருக்கிற இடத்தையெல்லாம் வாசிச்சு எழுதிக்கும். மோசமான இடத்துல முட்டிக்கிட்டு நிக்காது, விட்டுட்டுப் போயிரும். கடைசியில திரும்பி வந்து முன்னாடியிருந்து ஒரு தடவை, பின்னாடியிருந்து ஒரு தடவை தட்டிப் பார்க்கும்." பர்வீன் லேப்டாப்பை மூடினார். "ஒண்ணு சொல்லிடறேன். பிரதி எடுக்கக் கூடாதுன்னு கம்பெனியோட ஒப்பந்தத்துல இருக்கு. கம்பெனி போயிருச்சு. ஆனா அந்த உரிமையை வாங்கினவங்க எங்கேயோ இருக்காங்க. நோட்டீஸ் வந்தா எங்க குழு பேருக்கு வரும், நாங்க பாத்துக்கறோம். உங்களுக்குச் சம்மதமான்னு மட்டும் சொல்லுங்க."

வாணியின் ஸ்பீக்கர் கரகரத்தது. "என்ற பேச்சு யாரோட சொத்து..." என்று தொடங்கி நின்றது. எல்லோரும் காத்திருந்தார்கள். "...கண்ணு?" என்று முடிந்தது.

அதைச் சம்மதம் என்று பர்வீன் எடுத்துக்கொண்டார்.

அந்த மாடல் டிஸ்க் புதிதாகக் கிடைப்பதில்லை. கோயம்புத்தூரில் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் பர்வீன் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதே கறுப்பு ஓடு, ஏறக்குறைய அதே தேய்மானம். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்தான். நிறுவனம் எல்லா டிஸ்குக்கும் ஒரே பெயரைப் போட்டிருந்ததால் பெயரைக் கொண்டு கணினிக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆயுத பூஜை அன்று செய்வதென்று முடிவானது. பாலிடெக்னிக்குக்கு விடுமுறை. லேத் ஓடாது, அதனால் மேசையும் அதிராது.

பர்வீன் காலையிலேயே வந்தார். நாச்சிமுத்து பட்டறையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். பர்வீன் பெட்டியைத் திறந்து டிஸ்கை எடுத்தபோது வாணியின் முகம் மாறியது. ஸ்பீக்கர் அணைந்துவிட்டது. இனி வேலை முடியும் வரை அவருக்குப் பேச்சு இல்லை.

பர்வீன் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்றை எடுத்தார். வாணி புருவத்தை உயர்த்தினார்.

"எனக்கில்லக்கா, இவனுக்கு." சிவப்புப் பொட்டு ஒன்றை உரித்து வாணியின் டிஸ்கில் ஒட்டினார். "இது எங்க குழு பழக்கம். பொட்டு வச்சது தாய். இடப்பக்கம் மாட்டித் தாய்கிட்டயிருந்து எடுக்கலாம், வலப்பக்கம் மாட்டித் தாய் மேல எழுதக் கூடாது. மார்க்கர்ல எழுதினா அழியும், டேப் ஒட்டினா பிசுபிசுங்கும். பொட்டுதான் சரி. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். டிஸ்குக்குன்னு சொன்னா இன்னும் ஒரு மாதிரி பார்ப்பார்."

வாணி சிரித்தார்.

"இன்னொண்ணுக்கா. வேலை நடக்கும்போது எக்காரணம் கொண்டும் வயரைப் பிடுங்கக் கூடாது. இந்த நிலைமையில பிடுங்கினா இது திரும்ப எந்திரிக்காது."

வாணி தலையாட்டினார். ஆனால் பர்வீன் கொண்டுவந்த கேபிளில் ஒரு முனை வளைந்திருந்தது. வேறு வாங்கிவருவதாகச் சொல்லி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். வாணி சுண்டலைத் தாளிக்கச் சமையலறைக்குள் போனார்.

பட்டறையைக் கழுவி முடித்த நாச்சிமுத்து வீட்டுக்குள் வந்தார். ஆயுத பூஜைக்கு அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியால் துடைப்பார். அப்புறம் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஸ்பானர், வெர்னியர், வாணியின் ஸ்டெதாஸ்கோப், பிபி கருவி என்று எல்லாம் வரிசையில் வந்தன. மேசைமேல் இரண்டு டிஸ்குகள் இருந்தன. இரண்டையும் அழுத்தித் துடைத்தார். புதிதாக வந்ததற்குச் சந்தனமிட்டுக் குங்குமம் வைத்தார். பழையதற்கு வைக்கப் போனவர், ஈரம் பட்டால் ஆகாதோ என்று பயந்து, அதை அப்படியே விட்டுவிட்டார். இரண்டில் எது பழையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வருஷக்கணக்கில் நடக்கும்போதெல்லாம் பெட்டிச் சுவரில் உரசி அதன் ஒரு விளிம்பு மழுங்கியிருந்தது. லேத்காரர் விரலுக்கு அது தெரியும்.

பர்வீன் திரும்பி வந்தபோது ஒரு டிஸ்கில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. மற்றது வெறுமையாக இருந்தது.

"என்னண்ணா, பூஜையே முடிச்சிட்டீங்களா? பொட்டுக்கு மேலேயே பூசியிருக்கீங்க."

"நல்ல காரியமில்லீங்களா அம்மிணி."

"பொட்டு வச்சது இதுதானே?"

"நானே என்ற கையால வெச்சேன்."

பர்வீன் சந்தனமிட்ட டிஸ்கை இடப்பக்கம் மாட்டினார், எடுக்க வேண்டிய இடத்தில். வெறுமையானதை வலப்பக்கம் மாட்டினார், எழுத வேண்டிய இடத்தில். கட்டளையைக் கொடுத்தார். திரையில் தமிழில் சில வரிகள் வந்தன.

வலப்பக்க டிஸ்கில் ஏற்கெனவே எழுத்து உள்ளது. இடப்பக்க டிஸ்க் வெறுமையாகத் தெரிகிறது. தொடர விரும்பினால் கீழுள்ள வாக்கியத்தை முழுமையாகத் தட்டச்சு செய்யவும்: இந்த டிஸ்கில் இருப்பது அழியட்டும், எனக்குச் சம்மதம்.

பர்வீன் முதலிரண்டு வரிகளைப் படிக்கவில்லை. பழைய சாமான் டிஸ்குகளில் எப்போதும் யாருடைய குப்பையாவது இருக்கும். ஒவ்வொரு முறையும் ஏதோ எச்சரிக்கை வரும், ஒவ்வொரு முறையும் இந்த வாக்கியத்தை அடிப்பார். அன்றும் அடிக்கத் தொடங்கினார்.

அப்போது வாணி சுண்டல் தட்டோடு உள்ளே வந்தார். வலப்பக்கத்தில் மாட்டியிருந்த டிஸ்கின் மழுங்கிய விளிம்பு, காலையில் தன் பெட்டியிலிருந்து எடுத்தபோது பார்த்த அதே விளிம்பு, அவர் கண்ணில் பட்டது.

"கண்ணு," என்றார்.

"இப்பத்தான் ஆரம்பிக்கறேன்க்கா. உக்காருங்க."

"கண்ணு! கண்ணு!"

"பதட்டப்படறா," என்றார் நாச்சிமுத்து. "நீங்க பண்ணுங்க அம்மிணி. ஏ வாணி, சித்தெ சும்மா இரு."

வாணியின் கை கேபிளை நோக்கிப் போயிற்று. பாதியில் நின்றது. பிடுங்கக் கூடாது என்று பர்வீன் சொல்லியிருந்தார். பிடுங்கினால் போயிற்று, விட்டாலும் போயிற்று. சொல்வதற்கு வேறு சொல் இல்லை. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவும் முடியாது. பர்வீனின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

தட்டைக் கீழே வைத்துவிட்டு வாணி இடப்பக்க டிஸ்கின் மேல் கட்டைவிரலை வைத்து இழுத்தார். சந்தனமும் குங்குமமும் ஒரே இழுப்பில் வழிந்து வந்தன. விரலைப் பர்வீனின் முகத்துக்கு நேரே நீட்டினார். அப்புறம் அந்த விரலாலேயே டிஸ்கைத் தட்டிக் காட்டினார்.

அடியில் ஸ்டிக்கர் இல்லை.

பர்வீன் அழியட்டும் என்பது வரை அடித்திருந்தார். இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் திரையின் முதல் இரண்டு வரிகளைப் படித்தார்.

"அண்ணா, துடைச்ச துணி எங்க?"

நாச்சிமுத்து எடுத்துவந்தார். எண்ணெய்த் துணியின் மடிப்பில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பர்வீன் நடந்ததைச் சொன்னார். அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ற கையாலேயே..." என்றார்.

"என் கையாலண்ணா. படிக்காம அடிச்சது நான்." பர்வீன் திரையைக் காட்டினார். "வெறும் ஆம்னு கேட்டிருந்தா அக்கா உள்ள வர்றதுக்குள்ள எழுத ஆரம்பிச்சிருக்கும்."

வாணி இருவரையும் பார்த்தார். சுண்டல் தட்டை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தார். "கண்ணு," என்றார். அது கட்டளை என்று இருவருக்கும் புரிந்தது. சாப்பிட்டார்கள்.

சாப்பிட்ட பிறகு பர்வீன் கட்டளையை ரத்து செய்து, டிஸ்குகளை இடம் மாற்றி, பொட்டை ஒட்டி, ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்து, மறுபடி தொடங்கினார். இந்த முறை எந்த எச்சரிக்கையும் வரவில்லை. திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு போல நகர்ந்தது. இனி செய்வதற்கு எதுவும் இல்லை, காத்திருக்க வேண்டியதுதான்.

"இதை எழுதுனது யாரு அம்மிணி?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"ஒருத்தர் இல்லண்ணா. நிறையப் பேர்." பர்வீன் இன்னொரு ஜன்னலில் பெயர்ப் பட்டியலைத் திறந்தார். அது கீழே போய்க்கொண்டே இருந்தது.

"இத்தன பேரும் சம்பளமில்லாமயா?"

"சில பேருக்கு எங்கேயாவது வேலை இருக்கும். இதுக்குன்னு சம்பளம் இல்ல. ஒருத்தர் டிஸ்க் போயிருக்கும், எழுதியிருப்பார். அதுல ஒரு குறையை இன்னொருத்தர் பார்த்திருப்பார், திருத்தியிருப்பார். இதுல சில பேர் இப்ப உயிரோட இல்ல."

நாச்சிமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயர்களை வாசித்தார். ஆங்கில எழுத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டி, தன் வாய்க்கு வந்தபடி வாசித்தார். ஸ்பெயின்காரர் ஒருவர் அவர் வாயில் பக்கத்து ஊர்க் கவுந்தப்பாடிக்காரர் ஆனார். ஒவ்வொரு பெயருக்கும் வாணி "கண்ணு" என்றார். முதலில் வேடிக்கையாகத்தான் சொன்னார். பிறகு இருவருமே அதை வேடிக்கையாகச் செய்யவில்லை. பட்டியலின் பாதியில் நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். மீதியைப் பர்வீன் வாசித்தார்.

மாலையில் பச்சைக் கோடு முடிவுக்கு வந்தது. மிகச் சில இடங்கள் மட்டும் கடைசி வரை வாசிக்க மறுத்தன. பர்வீன் புதிய டிஸ்கைப் பெட்டிக்குள் பொருத்தினார். ஸ்பீக்கர் கரகரத்தது.

"ஏனுங்க," என்றது பெட்டி. நாச்சிமுத்து நிமிர்ந்தார். "இனிமே என்ற சாமானத்தத் தொடச்சீங்கன்னா கைய ஒடச்சுப்போடுவேன்."

தடங்கலே இல்லாமல் வந்த முழு வாக்கியம். நாச்சிமுத்து "சரி சரி" என்று தலையாட்டினார். கண்ணில் வழிந்த நீரைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

வாசிக்க முடியாத இடங்களில் என்ன இருந்தது என்பது வாரக்கணக்கில்தான் தெரிந்தது. புதன்கிழமை போயிருந்தது. நாத்தனார் பெயர் போயிருந்தது, அதற்கு வாணி வருத்தப்படவில்லை. கத்தரிக்காய் போயிருந்தது. அந்த இடத்தில் பெட்டி ஒரு கணம் நின்று அடுத்த சொல்லுக்குத் தாவியது. வாணி "ஊதாக் காய்" என்று சொல்லிச் சமாளித்தார். கடைக்காரருக்குப் புரிந்தது. புரிந்துவிட்டதால் பெட்டியும் அதுவே சரி என்று கற்றுக்கொண்டது.

அந்த நீளமான வாக்கியத்தை எழுதியவரைப் பர்வீன் தேடிக் கண்டுபிடித்தார். படியெடுவைத் தமிழாக்கியவர் இளஞ்செழியன், மன்னார்குடிக்காரர், ஓசூரில் வேலை. வாணி நன்றி சொல்ல வேண்டும் என்றார். வீடியோவில் அழைத்தார்கள்.

"ஆங்கிலத்துல யெஸ்னு மட்டும்தாங்க கேக்கும்," என்றார் இளஞ்செழியன். "நம்ம ஆளுங்க எதையும் படிக்காம ஆம்னு தட்டிட்டுப் போயிருவோம். அதான் ஒரு முழு வாக்கியம் போட்டேன். பெரிய சண்டை. நீளமா இருக்கு, எரிச்சலா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒரே ஒருத்தர்தான் என் பக்கம்."

"நானும் எரிச்சலா இருக்குன்னு எழுதினவதான் சார்," என்றார் பர்வீன்.

அவர் சிரித்தார். "நீங்கதானா அது?"

"நல்லா இருப்பீங்க கண்ணு," என்றது வாணியின் பெட்டி. "உங்க சொல்லுதான் என்ற சொல்லக் காப்பாத்துச்சு."

"எங்க அப்பாவுக்கும் இந்தப் பெட்டிதாங்க," என்றார் இளஞ்செழியன். "ஜூன்ல டிஸ்க் செத்துருச்சு. வர்ற பொங்கல் லீவுல வந்து குளோன் பண்ணித் தரேன்னு சொல்லியிருந்தேன்."

அவர் அப்பா சாம்பசிவம் பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் இல்லாதவர்களை ஒரு வார்த்தையில் இறக்கிவிடுவார் என்று பெயர். ஜூனிலிருந்து வீட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அழைப்பு முடிந்ததும் வாணி பர்வீனைக் கேட்டார். "என்றதுல ஒரு பிரதி எடுத்து அவருக்குக் குடுக்க முடியாதா?"

"முடியாதுக்கா. ஒவ்வொரு மூளையும் வேற." பர்வீன் யோசித்தார். "ஆனா முழுசா முடியாதுன்னும் சொல்ல முடியாது. டிஸ்குல ரெண்டு பங்கு இருக்கணும். எந்தத் துடிப்புக்கு எந்தச் சொல்லுங்கறது உங்களுக்கு மட்டும்தான் ஆகும். எந்தச் சொல்லுக்குப் பின்னால எந்தச் சொல் வரும், மனுஷங்க எப்படிப் பேசுவாங்கங்கறது வேற பங்கு. அது மட்டும் கிடைச்சா, பெங்களூர் மிஷின் இல்லாமயே, அவர் வருஷக்கணக்குல படிக்க வேண்டியதில்ல, மாசக்கணக்குல வந்துரும்."

"ஜிக் மாதிரி," என்றார் நாச்சிமுத்து. "பட்டறையில ஒரே மாதிரி பீஸு எடுக்கறதுக்கு ஒரு அச்சு வெச்சிருப்போம். மொதப் பீஸுக்குத்தான் பாடு. ஜிக் இருந்தா அடுத்த பீஸு தானா வரும்."

"அதுக்குப் பூட்டைத் திறக்கணும்ணா. இதுவரைக்கும் யாரும் துணியல, தப்பாச்சுன்னா ஒருத்தரோட பேச்சு போயிரும். இப்ப நம்மகிட்ட பிரதி இருக்கு. பிரதியோட பிரதி எடுத்து, அதை உடைச்சுப் பார்க்கலாம்."

நாச்சிமுத்து தயங்கினார். "இவ பேசுனதெல்லாம் அதுல இருக்குமா? எங்க சண்டை, மத்ததெல்லாம்?"

"என்ன பேசினாங்கங்கறது இருக்காது. எப்படிப் பேசுவாங்கங்கறது இருக்கும். அவர் பேசினா கொஞ்சம் அக்கா மாதிரி இருக்கும். அந்த வீட்டுக்கு அது சம்மதமான்னு கேக்கணும். உங்களுக்குச் சம்மதமான்னும் கேக்கணும். ஒரு தடவை குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது."

"பிரசவ வார்டுல பேசுன பேச்சு," என்றார் வாணி. "ஊருக்கே கேட்ட பேச்சு. இதுல ஒளிக்கிறதுக்கு என்ன இருக்குது?"

மன்னார்குடியில் சாம்பசிவத்திடம் கேட்டபோது, கேள்வி முடியுமுன் அவர் தலையாட்டிவிட்டாராம்.

பூட்டைத் திறக்கப் பொங்கல் தாண்டிவிட்டது. ஈரோட்டுக் குழுவும் ஓசூரிலிருந்து இளஞ்செழியனும் எப்போதும் பார்க்காத சில பேரும் சேர்ந்து செய்தார்கள். மூன்று பிரதிகள் பாழாயின, நான்காவது திறந்தது. உரிமையை வாங்கியவர்களிடமிருந்து நோட்டீஸ் வந்தது. குழு பதில் எழுதியது. அந்தக் கடிதப் போக்குவரத்து இன்னும் நடக்கிறது.

ஏப்ரலில் ஒரு நாள், பர்வீன் வாணி வீட்டுக்கு வந்திருந்தபோது, இளஞ்செழியன் அழைத்தார்.

"அப்பா பேசிட்டார்ங்க."

"என்ன சொன்னாருங்க?" என்று நாச்சிமுத்து குறுக்கிட்டார்.

"சாப்பிட்டியா கண்ணுன்னார்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு இளஞ்செழியனே சிரித்தார். "எனக்கு நாப்பது வயசுல இதுதாங்க முதல் தடவை. டேய் போடாம என்னைக் கூப்பிட்டதே கிடையாது. அம்மா எந்திரிச்சுக் கொல்லைப்பக்கம் போயிட்டாங்க, அப்பாவை யாரோ மாத்திட்ட மாதிரி இருக்காம். அது அப்பா சொன்னது இல்லைன்னு எனக்கும் தெரியும்."

"அந்தச் சொல்லை மட்டும் எடுத்துரலாம் சார்," என்றார் பர்வீன். "கஷ்டமில்ல."

"அவரையே கேட்டுட்டேன். ஒரு நாள் யோசிச்சார்."

"என்ன சொன்னார்?"

"இருக்கட்டும் கண்ணுன்னுட்டார்."

வாணி தன் ஸ்பீக்கரைக் கையால் மூடிக்கொண்டார். சொல்ல நினைத்தது வெளியே வராமலிருக்க அவருக்கு அது ஒன்றுதான் வழி.

பூட்டைத் திறந்து எடுத்த அந்தப் பங்கு ஜிக் என்ற பெயரிலேயே பரவியது. நாச்சிமுத்து வாயில் வந்த சொல்லே அதற்குப் பெயராகிவிட்டது. டிஸ்க் செத்துப் பேச்சில்லாமல் இருந்த பலருக்கு அது போயிற்று. ராமநாதபுரத்தில் ஓய்வுபெற்ற ஒரு காவல் அதிகாரியும் சென்னையில் ஒரு வழக்கறிஞரும் எதிரில் வருபவரைக் கண்ணு என்கிறார்கள். சிலர் அந்தச் சொல்லை எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்துக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று பெட்டியையே திருப்பித் தந்தவர் ஒருவர் உண்டு. இது என் வாய் இல்லை என்று கைச்சாடையில் சொன்னாராம். அவருக்காகக் குழு வேறு வழி தேடிக்கொண்டிருக்கிறது.

பழைய டிஸ்கை வாணி வீட்டு அலமாரியில், பொட்டோடு, வைத்திருக்கிறார்கள். அடுத்த ஆயுத பூஜைக்கு நாச்சிமுத்து அதைத் தொடவில்லை. வீட்டு லேப்டாப்புக்குச் சந்தனம் வைக்கலாமா என்று போனில் பர்வீனைக் கேட்டார். மூடியில வைங்க, விசைப்பலகையில வேணாம் என்றார் பர்வீன்.

வாணியின் டிஸ்கில் இல்லாத சொற்கள் அவருடைய ஜிக்கிலும் இல்லை. சாம்பசிவம் எண்ணெய்க் கத்தரிக்காய்ப் பிரியர். ஊதாக் காய் என்று பெட்டி சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காயைக் கையில் வைத்து, பெட்டியோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார். அவர் மனைவிக்கு அது பழைய சாம்பசிவம் போலத் தெரிந்ததாம். ஒரு நாள் பெட்டி சொல்லைப் பிடித்துக்கொண்டது. இளஞ்செழியன் அதை ஜிக்குக்கு ஒரு திருத்தமாக எழுதி எல்லோருக்கும் அனுப்பினார்.

2047 டிசம்பரில் பர்வீன் கோபிக்கு வந்து, அந்தத் திருத்தத்தை வாணியின் பெட்டியில் ஏற்றினார். அன்று மாலை வாணி சந்தையில் அரைக் கிலோ கத்தரிக்காய் கேட்டு வாங்கினார்.